ஜூன் முப்பத்தொன்று

லிஃப்ட் மெக்கானிக்குக்குத் தன் மைத்துனரைக் கண்டாலே ஆகாது. மனைவியின் கூடப்பிறந்த அண்ணனாயிற்றே என்று வாயை மூடிக்கொண்டிருந்தானே தவிர, மனதுக்குள் அவருக்குப் 'பல்வரிசை' என்று பெயர் வைத்திருந்தான். அந்த மனிதர் இழவு வீட்டுக்குப் போனாலும் முப்பத்திரண்டையும் காட்டிக்கொண்டுதான் போவார். முதலில் மெத்தை விற்றார். பிறகு தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் விற்றார். இரண்டும் படுத்துவிட்டன. இப்போது மேடை போட்டுச் சந்தோஷம் விற்கிறார். சரக்கு கையில் இருக்கவேண்டிய அவசியமே இல்லாத வியாபாரம். ஊரில் வேலை போனவர்கள் பெருகப் பெருக அவருக்குக் கூட்டமும் பெருகியது.

அப்படி வேலை போனவர்களில் மெக்கானிக்கின் மனைவியும் ஒருத்தி. சட்டை ஃபேக்டரியில் பத்தொன்பது வருஷம் செக்கர். தைத்து வரும் சட்டையைப் புரட்டிப் பார்த்து, தையல் விட்ட இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புகிற வேலை. அந்தக் கண்ணை அவள் வீட்டுக்கு வந்தும் கழற்றி வைத்ததில்லை. அவன் துவைத்தால் அழுக்குப் போகவில்லை, பெருக்கினால் மூலையில் தூசி, சிரித்தால் எதற்கு இளிப்பு. பத்தொன்பது வருஷம் அவன் அந்தத் திட்டில்தான் குடித்தனம் நடத்தினான்.

மார்ச்சில் ஃபேக்டரியை மூடினார்கள். கேட்டில் ஒரு தாளை ஒட்டியதோடு சரி, எதிரில் வந்து சொல்ல ஒருத்தனுக்கும் துப்பில்லை. அன்றிலிருந்து அவள் எதையும் குறை சொல்வதில்லை. சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டாள், படுக்கச் சொன்னால் படுத்தாள். எது கேட்டாலும் "உம்". ஒருநாள் அவன் சட்டையை உள்புறம் வெளியே தெரியும்படி போட்டுக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றான். அவள் பார்வை அவனைத் தாண்டிச் சுவருக்குப் போனது. அப்போதுதான் அவனுக்கு உண்மையிலேயே பயம் வந்தது. இனி இவள் தன்னைத் திட்டவே மாட்டாளோ?

மே மாதக் கடைசியில் பல்வரிசை ஒரு நோட்டோடு வந்தார். அட்டையில் சூரியன் சிரித்தது, அவரைப் போலவே காரணமில்லாமல்.

"தினம் மூணு நல்ல விஷயம் எழுதும்மா. முப்பதே நாள்ல நீ வேற ஆளாயிடுவே" என்று தங்கையின் கையில் திணித்தார். அவள் "உம்" என்றாள். வாசலுக்கு வந்ததும் மெக்கானிக்கின் தோளில் கைபோட்டார். "மாப்பிள்ளை, ஜூலை முதல் ஞாயித்துக்கிழமை கூட்டம் வெச்சிருக்கேன். என் சொந்தத் தங்கச்சியே மேடையில வாசிக்கப்போறான்னு போஸ்டரும் அடிச்சாச்சு."

"அவ பேசவே மாட்டேங்கிறா மச்சான். அவளைப் போய் காட்சிப் பொருளா நிறுத்தப்போறீங்களா?"

"நாலு பேரைப் பாத்தா நல்லதுதானே?"

அவளைப் பார்த்த டாக்டரும் அதையே சொல்லியிருந்தார். அந்த ஆள் வாயிலிருந்தும் ஒரு நியாயம் வந்துவிட்டதே என்று மெக்கானிக்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கூட்டத்துக்கு முதல் நாள் நோட்டைத் திறந்து பார்த்தான். வெறும் தாள். நாளைக்கு நூறு பேர் முன்னால் இவள் வெறும் நோட்டை வைத்துக்கொண்டு நிற்பாள், அண்ணன்காரர் பல்லைக் காட்டுவார். நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான். பத்து மாடிக் கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் அறையில் உட்கார்ந்து, தானே எழுத ஆரம்பித்தான். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. மூன்று மாதமாக அவன் பார்த்ததெல்லாம் அவளை மட்டும்தான். ஜூன் மாதத்துக்குக் கோடு போட்ட இடம் ஒன்றைக்கூட விடாமல் நிரப்பிவிட்டு, பெரிய சாமர்த்தியசாலி மாதிரி விசிலடித்துக்கொண்டு இறங்கினான்.

மறுநாள் ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் நிரம்பியிருந்தன. எல்லாரையும் எழுப்பி நிறுத்தி, மூன்று தடவை 'ஹா ஹா' என்று சிரிக்கச் சொன்னார் பல்வரிசை. வேலை இழந்த பெரிய மனிதர்கள் வெட்கமில்லாமல் சிரித்தார்கள். மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டான். பிறகு அவளை மேடையேற்றி நோட்டைக் கொடுத்தார்கள்.

அவள் முதல் பக்கத்தைத் திறந்து, செத்த குரலில் வாசித்தாள்.

"ஜூன் ஒண்ணு. காலை ஏழுக்கு எழுந்தாள். சத்தம் இல்லை. கதவு சரியாக மூடியது. ஜூன் ரெண்டு. ஜன்னலைத் தானே திறந்தாள். ஆட்டம் இல்லை."

ஹாலில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. லிஃப்ட் ஓடுகிற லட்சணத்தைச் சர்வீஸ் கார்டில் இருபது வருஷம் எழுதிய கை அப்படித்தான் எழுதும். மெக்கானிக்குக்குப் பூமிக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது. அவள் வாசிப்பதை நிறுத்தினாள். பக்கங்களைப் புரட்டினாள். விரல் வரிவரியாக நகர்ந்தது, சட்டைத் தையலைத் தடவுகிற அதே வேகத்தில். ஒரு இடத்தில் நின்றது.

"அண்ணே, ஜூன் மாசத்துக்கு எத்தனை நாளு?"

"ஏம்மா? முப்பது."

"இதுல முப்பத்தொண்ணு அடிச்சு வெச்சிருக்கீங்க. எல்லா மாசத்துக்கும் அப்படியே அடிச்சிருக்கீங்க. அச்சடிச்ச ஆளுக்கும் தெரியல, எழுதின ஆளுக்கும் தெரியல. இல்லாத நாள்ல நான் அரை டம்ளர் பால் குடிச்சிருக்கேன்!"

யாரோ ஒருவர் சிரித்துவிட்டார். இது யாரும் சொல்லிச் சிரித்த சிரிப்பல்ல. அவள் குரல் ஏறியது.

"இன்னும் கேளுங்க. என் நோட்டுல எனக்குப் பதிலா என் வீட்டுக்காரரு எழுதினாரு, சரி. ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழே, சர்வீஸ் கார்டுல போடுற மாதிரி, அவர் கையெழுத்தைப் போட்டு வெச்சிருக்காரே! கள்ளத்தனம் பண்றதுக்குக்கூட ஒரு துப்பு வேணாமா? பத்தொன்பது வருஷத்துல இவ்வளவு மட்டமான பீஸ் என் கைக்கு வந்ததே இல்ல."

ஹால் குலுங்கிச் சிரித்தது. பல்வரிசை ஒரு நிமிஷம் அசடு வழிய நின்றார். ஆனால் பிழைக்கத் தெரிந்தவர். மைக்கைப் பிடுங்கி, "பாத்தீங்களா! மூணு மாசமா வாயே திறக்காத என் தங்கச்சி! இதுதான் நம்ம நோட்டோட மகிமை!" என்று முழங்கினார். என்ன ஜென்மம் இது என்று மெக்கானிக் நினைத்தான். நினைத்துக்கொண்டே எல்லாரையும்விட ஓங்கிக் கைதட்டினான். கண்ணில் தண்ணீர் கொட்டியதைத் துடைக்கவும் இல்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் அவள் நோட்டை மறுபடி பிரித்து, அவன் பையிலிருந்து பேனாவை உருவினாள்.

"ஜன்னலைத் திறந்தேன்னு எழுதியிருக்கீங்களே, எதுக்குத் திறந்தேன்னு தெரியுமா? நீங்க பாலைப் பொங்க விட்டுத் தீய்ச்சீங்க. அந்த நாத்தம் தாங்காம திறந்தேன். அதைப் போய் நல்ல விஷயம்னு போட்டிருக்கீங்க."

"தப்புதான்" என்றான் அவன். "அடுத்த நாளைப் பாரு."

"என்ன அவசரம்? ஜூன் ரெண்டே இன்னும் முடியல."