நைட்ரஜன் இல்லாத பச்சை

எங்கள் பள்ளித் தலைமையாசிரியர் என் அக்காவின் கணவர். வீட்டில் அத்தான், பள்ளியில் சார். இரண்டு இடத்திலும் அவருக்கு ஒரே அறிவுதான். அது கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை.

நான் ஒன்பதாம் வகுப்புக்கு வேளாண்மை எடுக்கிறேன். பயிர்களுக்கு வேண்டிய சத்துகளைப் புத்தகத்தில் நடத்தினால் பிள்ளைகள் இன்று ஒப்பிப்பார்கள், நாளைக்கு மறப்பார்கள். அதனால் ஆறு தொட்டிகளில் நன்றாக அலசிய மணலை நிரப்பி மக்காச்சோளம் விதைத்தோம். மணலில் சத்து கிடையாது. நாங்கள் ஊற்றும் கரைசல்தான் செடிக்குச் சாப்பாடு. ஒரு தொட்டிக்கு எல்லாச் சத்தும் கொடுத்தோம். மற்ற ஐந்துக்கும் தலா ஒரு சத்தை நிறுத்தினோம். எது இல்லை என்று ஒவ்வொன்றின் முன்னாலும் அட்டை வைத்தேன்.

ஐந்தாவது வாரம் எதிர்பார்த்தது நடந்தது. நைட்ரஜன் இல்லாத செடிக்கு அடியிலை நுனியிலிருந்து மஞ்சளானது. பாஸ்பரஸ் இல்லாததன் இலையில் ஊதா நிறம் படர்ந்தது. பொட்டாசியம் இல்லாததன் இலையோரம் நெருப்பில் காட்டியதுபோல் கருகியது.

எங்கள் வகுப்பில் ஒரு பெண், கண்ணில் பட்டதையெல்லாம் அளப்பாள். பட்டப்பெயர் 'அளவுகோல்'. அவள்தான் கேட்டாள்: "டீச்சர், குருத்து பச்சையாத்தானே இருக்கு? கீழ் இலை மட்டும் ஏன் மஞ்சளாகுது?"

"பற்றாக்குறை வந்தா, பழைய இலையில இருக்கறத உருவி செடி குருத்துக்குக் குடுத்துடும்."

வகுப்பே எழுந்து வந்து குனிந்து பார்த்தது. பதினோரு வருடத்தில் எனக்கு அப்படி ஒரு வகுப்பு வாய்த்ததில்லை.

ஆய்வு அதிகாரி வருகிறார் என்ற தகவலும் அந்த வாரம்தான் வந்தது. அத்தான் வராந்தாவில் நின்று தொட்டிகளைப் பார்த்தார்.

"என்ன டீச்சர் இது, ஆஸ்பத்திரி வார்டு மாதிரி?"

"சத்துக் குறைபாடு சார். வேணும்னேதான் இப்படி வளர்த்தோம்."

"வேணும்னே கெடுத்தீங்களா? அதிகாரி வரும்போது எல்லாம் பச்சையா இருக்கணும்."

"எல்லாம் பச்சையா இருந்தா பாடமே இல்ல சார்."

சாயங்காலம் அக்கா போன் செய்தாள். "ஏண்டி, நாலு மஞ்ச இலைக்காக அவர் மானத்த வாங்கணுமா?"

"மானம் இலையிலயா இருக்கு?"

"அவருக்கு அங்கதான் இருக்கு" என்று போனை வைத்துவிட்டாள்.

ஆய்வு நாள் காலையில் என் தொட்டிகளைக் காணவில்லை. அந்த இடத்தில் நர்சரியிலிருந்து வந்த ஆறு செடிகள், எண்ணெய் தடவியதுபோல் மினுங்கிக்கொண்டு நின்றன. மக்காச்சோளம்கூட இல்லை, ஏதோ அலங்காரச் செடி. அட்டைகள் மட்டும் என்னுடையவை.

"கையெழுத்து அழகா இருந்துது, அதான் எடுக்கல" என்றார் அத்தான்.

அதிகாரி குனிந்து வாசித்தார். "'நைட்ரஜன் இல்லை.' அடேங்கப்பா! இல்லாமலே இப்படியா?" அருகில் நின்ற அளவுகோலைக் கேட்டார்: "எப்படிம்மா இவ்வளவு பச்சை?"

"நேத்து வாங்கிட்டு வந்தது சார்."

அத்தானுக்கு இருமல் வந்தது. அதிகாரியோ அவள் உரத்தைச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டார். "ஒரே நாள்ல வேலை செய்யுதா!" என்று வியந்து, அதையே குறிப்பேட்டிலும் எழுதினார்.

"சார், அது உரம் இல்ல, செடியே..." என்று நான் ஆரம்பித்தேன்.

"டீச்சருக்குத் தன்னடக்கம் ஜாஸ்தி" என்று அத்தான் அவரை டீ குடிக்கத் தள்ளிக்கொண்டு போனார்.

என் தொட்டிகள் கழிப்பறைக்குப் பின்னால் கவிழ்ந்து கிடந்தன. அளவுகோல் அங்கே உட்கார்ந்து, முறிந்த தண்டுகளை அளந்து சோதனை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். 'செடி இறந்த காரணம்' என்ற கட்டத்தில் 'தலைமையாசிரியர்' என்று எழுதியிருந்தாள். சரி என்று டிக் போட்டேன்.

இரண்டு மாதம் கழித்துப் பாராட்டுக் கடிதம் வந்தது. நாற்பது தலைமையாசிரியர்கள் முன்னால் அத்தான் அந்த முறையை விளக்க வேண்டுமாம். உரை எழுதும் பொறுப்பு என் தலையில். எழுதினேன், நடந்ததை நடந்தபடியே. அத்தான் எதையும் முன்கூட்டி வாசிக்கிற ஆள் இல்லை. மேடையில்தான் முதன்முதலாகப் பிரித்தார்.

"முதல் படி: நர்சரிக்குப் போய்ப் பச்சையான ஆறு செடிகளைத் தேர்ந்தெடுக்கவும். இரண்டாம் படி: மாணவர்கள் வளர்த்த செடிகளைக் கண்ணில் படாத இடத்தில் போடவும்."

அங்கே குரல் தடுமாறியது. தலையைத் தூக்கி என்னைத் தேடினார். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து, அரங்கம் சிரிக்கக் காத்திருந்தேன். பேனாக்கள் கீறும் சத்தம்தான் கேட்டது. நாற்பது பேரும் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

"மூன்றாம் படி: அட்டைகளை மாற்ற வேண்டாம்" என்று முடித்தார்.

முன்வரிசையில் ஒருவர் கையைத் தூக்கினார். "எந்த நர்சரி சார்?"

அத்தானுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி. என் பேரச் சொல்லுங்க, நல்லதாப் பார்த்துக் குடுப்பான்."

திரும்பும் காரில் நான் திட்டு வாங்கத் தயாராக உட்கார்ந்திருந்தேன். அத்தான் மடியில் நினைவுப் பரிசை வைத்துத் தடவிக்கொண்டே வந்தார்.

"எளிமையா எழுதியிருந்தம்மா" என்றார். "எல்லாருக்கும் புரிஞ்சுது. அடுத்த தடவையும் நீயே எழுதிக் குடு."