சிங்கத்துக்கு அடியில் சேஸிஸ் நம்பர்

தொண்ணூற்று மூன்றாம் வருஷம், ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. ஆவடி மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்த கையோடு ஞானசௌந்தரி அம்பத்தூருக்கு பஸ் ஏறினாள். காரும் ஜீப்பும் விற்கும் ஒரு கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் அவளுக்கு வேலை. அம்பத்தூர் கிளையில் நிற்கும் வண்டிகளை நேரில் எண்ணிவிட்டு வரச் சொல்லியிருந்தார்கள். அவள் தனியாகப் போய் எடுக்கும் முதல் ஸ்டாக் கணக்கு.

சும்மா எண்ணினால் போதாது. ஒவ்வொரு வண்டியையும் தொட வேண்டும், பானெட்டைத் திறந்து, வண்டிக்கு வண்டி வேறாக இருக்கும் சேஸிஸ் நம்பரைத் தன் கண்ணாலேயே படிக்க வேண்டும். அவளுக்கு முன்பு இருந்தவர் வேறொரு கிளையில் தார்ப்பாயை மேலாகத் தட்டிப் பார்த்து ஒரு காரைக் கணக்கில் சேர்த்துக்கொண்டார். அவர் கிளம்பும் நேரம் பார்த்து அந்தக் கார் எழுந்து நின்று சாணி போட்டது. அதிலிருந்து இந்தக் கண்டிப்பு.

சாயங்காலத்துக்குள் எண்ணி முடித்தாள். ஒரு ஜீப் குறைந்தது.

கிளை மேனேஜர் கஜபதி, "டிரையலுக்குப் போயிருக்கு மேடம்" என்றார். யார் எடுத்துப் போனது என்று கேட்டதும், "சர்வீஸுக்கு" என்று மாற்றினார். புது வண்டிக்கு என்ன சர்வீஸ் என்று கேட்டாள். கஜபதி கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அண்ணனூர்ல எங்க வேம்புலியம்மனுக்குத் திருவிழா மேடம். சாமி போற டிராக்டர் காலையில அச்சு முறிஞ்சிட்டுது. நான்தான் ஜீப்ப அனுப்பி வெச்சேன்."

"அப்ப வண்டி இருக்கு."

"இருக்கு. மேல அம்மனும் கீது."

அவள் பையை எடுத்துக்கொண்டு அவருடைய ஸ்கூட்டரில் ஏறினாள்.

அண்ணனூரில் ஊர்வலம் கிளம்பிவிட்டிருந்தது. ஜீப்பை அடையாளமே தெரியவில்லை. சுற்றிலும் வேப்பிலை, சீரியல் பல்பு, வாழைக்கன்று. பின்னால் அம்மன், முன்னால் பானெட்டின் மேல் கயிறு போட்டுக் கட்டிய மரச்சிங்கம். விழாவை நடத்தும் துலுக்கானம் வழியை மறித்தார்.

"அம்மா ஏறிட்டாங்க. எறங்குற வரிக்கும் எதையும் தொறக்கக் கூடாது."

"நான் அம்மனை ஒண்ணும் பண்ணலைங்க. ஜீப்பை எண்ணணும், அவ்வளவுதான்."

"ஜீப்பா? ஜீப்பு எங்க கீது? இது தேரு."

ஞானசௌந்தரி யோசித்தாள். "தேர்னா எங்க ஸ்டாக்கில் வராது. ஒரு ஜீப்பைக் காணோம்னு நான் போலீசுக்குச் சொல்லணும்."

கஜபதி துலுக்கானத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணாத்தே, ஜீப்புன்னு ஒத்துக்க. என் வேல பூடும்."

"அம்மா ஒக்காந்துகினு கீறப்ப அத ஜீப்புன்னு எப்பிடிப்பா என் வாயால சொல்லுவேன்?"

இதற்குள் பம்பைச் சத்தம் ஏறியது. கூட்டத்தில் இருந்த அங்கம்மாவுக்குச் சாமி வந்துவிட்டது. கூந்தல் அவிழ, நேராக ஞானசௌந்தரியின் முன்னால் வந்து நின்றாள்.

"யாருடி என் வண்டிய எண்ணுறது?"

ஞானசௌந்தரி ஆபீஸில் பெரியவர்களிடம் பேசும் குரலிலேயே சொன்னாள். "கம்பெனியிலிருந்து வர்றேம்மா."

"இன்னா வோணும்?"

"சேஸிஸ் நம்பர்."

"எங்க கீது?"

"சிங்கத்துக்கு அடியில."

அங்கம்மா ஒரு சுற்று ஆடிவிட்டுச் சொன்னாள்: "சிங்கத்த இவளே புடிக்கட்டும்!"

அதற்கு அப்பீல் ஏது? துலுக்கானமே கயிற்றை அவிழ்த்துச் சிங்கத்தை அவள் கையில் கொடுத்தார். நல்ல கனம். கஜபதி பானெட்டைத் தூக்கினார். உள்ளே நம்பர் தகட்டிலும் யாரோ பக்தியோடு சந்தனம் அப்பியிருந்தார்கள். அதை வழித்துவிட்டு அவர் டார்ச் அடிக்க, சிங்கத்தை இடுப்பில் பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டு அவள் குனிந்து படித்தாள். நம்பர் சரியாக இருந்தது. விரலை நீட்டி வண்டியைத் தொட்டும் பார்த்துக்கொண்டாள். அதற்குள் ஒருத்தி சிங்கத்துக்குக் கற்பூரம் காட்டினாள், இன்னொருத்தி அவள் காலில் மஞ்சள் தண்ணி ஊற்றினாள்.

பானெட்டை மூடியதும் சிங்கத்தை நீட்டினாள். துலுக்கானம் பின்வாங்கினார்.

"என் கையில குடுக்காத. அம்மா ஒன்னத்தான் புடிக்கச் சொல்லிச்சு. அம்மா எறங்குற வரிக்கும் நீதான் புடிக்கணும்."

அங்கம்மாவைக் கேட்கலாமென்றால் அவள் மயங்கி விழுந்து கிடந்தாள். ஞானசௌந்தரியை டிரைவர் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். மடியில் சிங்கத்தோடு அவள் அண்ணனூரின் எல்லாத் தெருவும் சுற்றினாள். ரயில்வே கேட் மூடியிருந்ததில் வண்டி நின்றது. எதிரே கையில் காய்கறிப் பையோடு அவளுடைய சித்தி லூர்தம்மாள் நின்றிருந்தாள். காலையில் பூசையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள்.

"ஞானம்? நீயா?"

"ஆபீஸ் வேலை சித்தி."

சித்தி வாயைத் திறப்பதற்குள் ரயில் வந்துவிட்டது. கேட் திறந்தபோது அவளைக் காணோம்.

கோயிலில் அம்மனை இறக்கிய பிறகுதான் சிங்கத்தை வாங்கிக்கொண்டார்கள். கை இரண்டும் மரத்துப்போய், காலெல்லாம் மஞ்சளாக, அவள் பந்தக்காலில் சாய்ந்து உட்கார்ந்தாள். அப்போது கூழும் கருவாட்டுக் குழம்பும் எடுத்துக்கொண்டு அங்கம்மா வந்தாள். முகம் கழுவி, முடியை முடிந்திருந்தாள். எதுவும் அவளுக்கு நினைவில்லை.

"யாரும்மா நீ? எந்தத் தெரு? பாத்த மாறியே இல்லியே."

ஞானசௌந்தரி வண்டி எண்ண வந்த கதையைச் சொன்னாள். அங்கம்மா உச்சுக் கொட்டினாள்.

"ஞாயித்துக்கெழமகூடவா பொம்பள புள்ளைய இப்பிடி வேல வாங்குறானுங்க? கண்ணு, நீ குடி மொதல்ல."