எழுத்து நிற்காத மனு

கன்னியம்மாள் கொடுத்த மனுவிலிருந்து எழுத்துகள் இறங்கி நடந்துபோனது ஒரு திங்கட்கிழமை, காலை பதினொன்றே காலுக்கு. திருத்தணி தாலுகா அலுவலகத்தில் மின்விசிறி ஓடவில்லை; ஆகவே காற்றைக் குறை சொல்ல முடியாது. ரேஷன் கடை வரிசைபோல ஒன்றன்பின் ஒன்றாக மேசைக்கால் வழியே இறங்கி, வாசற்படி தாண்டி, ஆட்டோக்களுக்கு நடுவே புகுந்து மலையடிவாரத்துப் பக்கம் போயின. “ஐயா”வும் “தாழ்மையுடன்”னும் “தங்கள் உண்மையுள்ள”வும் மட்டும் காகிதத்தில் அப்படியே நின்றன. குமாஸ்தா கிருஷ்ணன் அதைப் படித்துப் பார்த்தார், குறை ஒன்றும் தெரியவில்லை, முத்திரை குத்தினார்.

கன்னியம்மாள் அம்மையார்குப்பத்துப் பக்கம் கழனி வேலை செய்பவள். அவள் புருஷன் விஜயன், கூப்பிட்ட வேலைக்கெல்லாம் போகிறவன். ஆடிக் கிருத்திகைக்கு நாலு நாள் முன்பு மலையடிவார விடுதி ஒன்றில் அவனைக் கக்கூஸ் தொட்டிக்குள் இறக்கினார்கள். கூட்டம் வருவதற்குள் சுத்தமாக வேண்டுமாம். விஷவாயு அடித்து உள்ளேயே செத்தான். காகிதத்தில் ஏறியது வேறு: “மதுபோதையில் தவறி விழுந்து.” அந்தக் காகிதத்தின் நகல் மகள் யுவஸ்ரீயின் பள்ளிக்கூடத்துக்கும் போனது. உதவித்தொகைக்கு அப்பன் செத்த காகிதம் கேட்பார்கள். அன்றிலிருந்து வகுப்பில் அவளுக்குப் பெயர் குடிகாரன் பொண்ணு.

கன்னியம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. முன்கையில் புருஷன் பெயரின் முதல் எழுத்தாகிய ‘வி’யைப் பச்சை குத்தியிருந்தாள், தெரிந்த எழுத்து அது ஒன்றுதான். மனு எழுதிக் கொடுத்தவள் சாயிரா. மெக்கானிக் ஷபியுல்லாவின் மகள், அந்தக் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள், வேலை கிடைக்காமல் அப்பாவின் பஞ்சர் கடை ஓரத்திலேயே கம்ப்யூட்டரும் பிரிண்டரும் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

“அவரு பீடி கூட தொட்டதில்ல பாப்பா. அந்த ஒரு வரிய எடுக்கச் சொல்லு. அவ்ளோதான் எனக்கு வேணும்” என்றாள் கன்னியம்மாள். சாயிரா அவள் சொன்னதைச் சொன்னபடியே அடித்தாள். அதுதான் நடந்துபோயிற்று. பதினைந்து நாளில் பதில் வந்தது: பார்வையில் காணும் தங்கள் மனு கவனமுடன் பரிசீலிக்கப்பட்டு முடித்து வைக்கப்பட்டது.

இரண்டாவது மனுவும் போனது. மூன்றாவதை லேமினேஷன் செய்தாள். பிளாஸ்டிக் புடைத்து, ஒரு மூலை கிழிந்து, அதன் வழியே போயின. “நான் ஒட்டுன பஞ்சரு மூணு வருசம் நிக்குது. மூணு வருசம் காலேஜ் போனவ எழுதுனது மூணு நிமிசம் நிக்கல” என்றார் ஷபியுல்லா. சாயிரா எழுத்துகளின் பின்னாலேயே நடந்தாள். அவை விடுதியின் பின்பக்கம் போய், தொட்டி மூடியின் இடுக்கில் நுழைந்து, ஒவ்வொன்றாக உள்ளே இறங்கின. அவை சொல்லவந்தது அங்கேதான் இருந்தது. காகிதத்தில் உட்கார்ந்துகொண்டு என்ன செய்யும்?

நாலாவது மனுவை அலுவலக பாஷையில் எழுதினாள். மேற்படி நபர், மேற்கண்ட வளாகத்தில், மேற்குறித்த பணியின் நிமித்தம். ஒரு புள்ளிகூட அசையவில்லை. சந்தோஷமாகக் கன்னியம்மாளுக்குப் படித்துக் காட்டினாள்.

கன்னியம்மாள் முழுக்கக் கேட்டுவிட்டு, “இது யாரப் பத்திமா?” என்றாள்.

அதைச் சாயிரா கிழித்துப் போட்டாள். நிற்கிற சொல்லில் விஜயன் இல்லை. விஜயன் இருக்கிற சொல் நிற்கவில்லை. அவன் குடித்தான் என்ற பொய்க்கு மட்டும் போக ஓரிடமும் இல்லாததால் அது கோப்புக்குள் கல்லுப்போல உட்கார்ந்திருந்தது. மூன்று வருடத்தில் நாற்பத்தொரு மனு. நாற்பத்தொன்றும் தொட்டிக்குள் போயின. நாற்பத்தொன்றுக்கும் பதில் வந்தது, ஒவ்வொன்றும் முந்தைய பதிலைப் பார்க்கச் சொன்னது. முதல் பதிலை எடுத்துப் பார்த்தால் அது மனுவைப் பார்க்கச் சொன்னது. ஒருமுறை சாயிரா கிருஷ்ணனிடம் சண்டைக்கே போனாள்.

“வெத்துப் பேப்பருக்கு எப்படி சார் பதில் போடுறீங்க?”

“எல்லாத்துக்கும் அதே பதில்தான்மா. உன்னுதுல மரியாதையாவது இருக்குது. சிலபேரு அதுகூட எழுதறதில்ல” என்றார் அவர், கோபமில்லாமல்.

நாலாவது வருட ஆடிக் கிருத்திகையன்று தொட்டி நிரம்பியது. விடுதியின் குளியலறைச் சாக்கடை ஓட்டைகள் வழியே எழுத்துகள் மேலே வந்தன. மொட்டை போட்டுக் குளித்து, தலையில் சந்தனம் பூசிக்கொண்டிருந்தவர்களின் கால்வழியே ஏறின. அன்று திருத்தணியில் காலியாக இருந்த இடம் அந்தத் தலைகள்தான். ஈரச் சந்தனத்தில், தலைக்கு ஒரு எழுத்தாக ஒட்டிக்கொண்டன. யாரும் பயப்படவில்லை. முருகன் போட்ட எழுத்து என்றார்கள். “எனக்கு ‘கு’ வந்துச்சி, உனக்கு இன்னாடா?” “எனக்கு வெறும் புள்ளிடா. அண்ணனுக்கு முழு எழுத்து, எனக்குப் புள்ளியா?” என்று படியேறிக்கொண்டே கேட்டுக்கொண்டார்கள்.

சாயிரா நோட்டுப் புத்தகத்தோடு அடிவாரத்துக்கு ஓடினாள். தலைகளை வரிசையாகப் படித்தால் மனுவில் எழுதிய வாக்கியம் கிடைத்துவிடும், ஊரே பார்க்கும்படி மலையேறும் என்று நினைத்தாள். “யண்ணா, நீங்க இவருக்கு முன்னாடி போங்க. யம்மா, கொழந்தைய அந்தப் பக்கம் தூக்குங்க” என்று கெஞ்சினாள், பிறகு கத்தினாள். ‘தொட்டி’ வரை வந்தது. அதற்குள் சிறப்பு வரிசையும் பொது வரிசையும் கலந்தன. ஒரு குடும்பம் டீ குடிக்க ஒதுங்கியது. ‘குடிக்கவில்லை’ என்பதில் பாதி, தரிசனம் முடித்து மத்தியானமே பொதட்டூர்பேட்டை பஸ்ஸில் ஏறிப் போய்விட்டது. மீதிப் பாதி ஆந்திராவுக்கு. சாயிரா நோட்டை மூடினாள்.

கன்னியம்மாள் படியோரம் உட்கார்ந்திருந்தாள். அவள் வாக்கியம் தேடவில்லை. தலைகள் போய்க்கொண்டே இருந்தன. சாயங்காலம் நாலு மணிக்கு, யாரோ ஒருத்தியின் தோளில் தூங்கிய ஒரு வயதுப் பெண்குழந்தையின் மொட்டைத்தலையில் ‘வி’ வந்தது. கன்னியம்மாள் தன் முன்கையைப் பார்த்தாள், குழந்தையின் தலையைப் பார்த்தாள், எழுந்து நின்று இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பினாள்.

“அவரு குடிச்சாருங்கற அந்த வரி போச்சா பாப்பா?” என்று பிறகு கேட்டாள்.

“போவல” என்றாள் சாயிரா.

கன்னியம்மாளுக்குப் பின்னால் வந்த நகரி ஊர்க்காரி ஒருத்தி, கும்பிடவேண்டிய இடம் இதுதான்போல என்று எண்ணித் தானும் கும்பிட்டாள். அவளைப் பார்த்து அவளுக்குப் பின்னால் வந்தவர்களும் கும்பிட்டார்கள். இப்போது படிபூஜையில் அந்தப் படிக்கு மட்டும் இரண்டு பங்கு மஞ்சள் குங்குமம் வைக்கிறார்கள், கற்பூரம் ஏற்றுகிறார்கள். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. காகிதத்தில் அந்த வரி அப்படியே இருக்கிறது.