ஒரே சிலிண்டரில் இரண்டு பேர்

கல்யாணமாகி வந்த புதிதில் அண்ணிக்கும் நாத்தனாருக்கும் ஏழாம் பொருத்தம். குளியலறைக்குள் யார் முதலில் போவது என்று ஆரம்பித்து, ஈரத்துண்டை நாற்காலியில் போட்டது யார் என்பது வரைக்கும் விடிந்ததுமே ஒரு பாட்டம் சண்டை நடந்து முடிந்துவிடும். நாத்தனார் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். வீட்டில் அவளுக்கு வாலு என்று பேர். முப்பதைத் தாண்டியும் அந்தப் பேர் அவளை விட்டுப் போகவில்லை. அண்ணி பல் ஆஸ்பத்திரியில் டாக்டருக்குப் பக்கத்தில் நின்று, நோயாளியின் வாயில் ஊறும் எச்சிலைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுக்கிறவள். ஒருத்திக்கு நாள் முழுக்கக் கத்துகிற பிள்ளைகள், இன்னொருத்திக்கு நாள் முழுக்கப் பேச முடியாத ஆட்கள். சாயந்திரம் இரண்டு பேரும் வீடு திரும்பினால், நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பது அண்ணியின் புருஷன்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக்.

வாலுவுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் கடல். முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு பவளப்பாறை பார்க்க இறங்கிவிடுவாள். தண்ணீருக்கடியில் தனியாகப் போகக்கூடாது, துணைக்கு ஓர் ஆள் வேண்டும் என்பது அந்த விளையாட்டின் முதல் சட்டம். கூடப் போய்க்கொண்டிருந்த தோழி வேலை மாற்றலாகி வேறு ஊருக்குப் போனதும், வேறு போக்கில்லாமல் அண்ணியிடம் வந்து நின்றாள்.

"அண்ணி, உங்களுக்கு நீச்சல் தெரியும்ல. ஒரே ஒரு தடவை வந்து பாருங்களேன்."

"எதுக்கு, என்னைத் தண்ணியில அமுக்கிட்டு வரவா?"

"அதுக்கு அவ்வளவு தூரம் போகணுமா. நம்ம பாத்ரூமே போதுமே."

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பில்தான் எல்லாம் ஆரம்பித்தது. நீச்சல்குளத்தில் பயிற்சி, பிறகு ஆழமில்லாத கடல், பிறகு பாறை. முதல் தடவை கீழே போய்க் கண்ணைத் திறந்தபோது, ஊதாவும் மஞ்சளுமாகப் பூத்துக்கிடந்த அந்தப் பாறையைப் பார்த்து அண்ணிக்கு அழுகை முட்டியது; கண்ணாடிக்குள் அழுதால் துடைக்கக்கூட முடியாது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டாள். அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட விடவில்லை. அவர்களைக் கூட்டிப்போகிற படகுக்காரர் அவளைவிட எவ்வளவோ மூத்தவர், வாலு கூப்பிடுவதைக் கேட்டுக்கேட்டு அவரும் அவளை அண்ணி என்றே கூப்பிடப் பழகிவிட்டார்.

"வாயில குழாயை வச்சுட்டா நீங்க தங்கமான மனுஷி" என்பாள் வாலு. "கரையேறினாதான் வில்லங்கம்."

புருஷன் மட்டும் கடல் பக்கமே வரமாட்டான். அவனுக்குத் தண்ணீர் என்றால் முழங்காலோடு சரி. "மேல ஏறி கீழ இறங்குறதுதான் வாரம் பூரா என் பொழப்பு, ஞாயித்துக்கிழமையுமா?" என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொள்வான். ஆனாலும் தங்கையும் பெண்டாட்டியும் கடல் உப்போடு கூடத்தில் உட்கார்ந்து மீன் கதை பேசிச் சிரிப்பதைக் கேட்டு, அந்த வீட்டில் அவனைப்போல நிம்மதியடைந்தவர் யாருமில்லை.

அடுத்தடுத்து வந்த இரண்டு கோடைகளில் கடல் சூடேறிப் பவளம் வெளுத்தது. முதலில் எலும்பு மாதிரி வெள்ளை, பிறகு அதன்மேல் பழுப்புப் பாசி. பார்க்க ஒன்றுமில்லாமல் போனதால் படகுகள் எல்லாம் கொஞ்சம் தள்ளி ஆழத்தில் மூழ்கிக்கிடந்த ஒரு கப்பலைப் பார்க்கத் திரும்பின. அது பழைய பயணிகள் கப்பல். உடைப்பதற்காகக் கட்டி இழுத்துப்போன வழியில் கயிறு அறுந்து மூழ்கியது. அதில் உயிர் யாரும் போகவில்லை, அதனால் மனசு கூசாமல் சுற்றிப்பார்க்கலாம் என்பார் படகுக்காரர். வரிசை வரிசையாக இருக்கைகள், டீ ஆற்றிய மேடை, இன்னும் ஆணியில் நிற்கும் ஒரு கண்ணாடி. அண்ணிக்கு அந்த டீ மேடை ரொம்பப் பிடிக்கும். அதன் பின்னால் நின்று வாலுவுக்கு டீ ஊற்றிக்கொடுப்பது போலக் காட்டுவாள். வாலு வாங்கிக் குடித்துவிட்டுச் சர்க்கரை போதாது என்று கையை ஆட்டுவாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கப்பலின் மேல்தளத்தில் புதிதாக ஒரு வலை கிடந்தது. மீன்பிடிப் படகு எதுவோ அறுத்துவிட்டுப் போனது. டீ மேடைப் பக்கமிருந்து வெளியே வரும்போது அண்ணியின் சிலிண்டர் கழுத்தில் அந்த வலையின் நைலான் நரம்பு மாட்டிக்கொண்டது. திரும்பினாள், இன்னும் சுற்றிக்கொண்டது. பயந்தால் மூச்சு வாங்கும், மூச்சு வாங்கினால் காற்று தீரும் என்று படித்துப்படித்துச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அந்த நேரத்தில் ஒன்றும் நினைவில் இல்லை. கிளம்பிய கலங்கலில் கண் முன்னால் கை தெரியவில்லை. வாலு கத்தியை எடுத்து ஒவ்வொரு நரம்பாக அறுத்து முடிப்பதற்குள் அண்ணியின் காற்றுமானியில் முள் சிவப்பைத் தாண்டிப் படுத்துவிட்டது.

வாலு தன் உதிரிக் குழாயை அண்ணியின் வாயில் திணித்தாள். ஒரே சிலிண்டரில் இப்போது இரண்டு பேர். தோள்வாரைப் பிடித்துக்கொண்டு கண்ணுக்குக் கண் பார்த்தபடி ஏறத் தொடங்கினார்கள்.

மெதுவாகத்தான் ஏறவேண்டும். ஆழத்தில் உடம்புக்குள் கரைந்த காற்று மெல்ல மெல்லத்தான் வெளியேறும். அவசரப்பட்டால் சோடா பாட்டிலைத் திறந்தாற்போல ரத்தத்தில் குமிழ் கட்டிவிடும். மேலே வருமுன் படகின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பதும் அதற்காகத்தான். வாலு கையை விரித்துக் காட்டிக்கொண்டே வந்தாள்: மெதுவா, மெதுவா. ஆனால் கயிறு கண்ணுக்குத் தெரிகிற இடத்துக்கு வந்தபோது குழாயில் மூச்சு இழுக்க இழுக்கக் கனமானது. சிலிண்டர் காலியாகிறது என்று அண்ணிக்குத் தெரிந்துபோயிற்று. மேலே வெளிச்சம் தெரிந்தது. அவள் காலை உதைத்தாள். வாலுவின் தோள்வாரை விடவும் இல்லை. அவளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு, எங்கேயும் நிற்காமல், நேராக நீர்மட்டத்தைக் கிழித்துக்கொண்டு வந்தாள்.

படகில் ஏறிப் படுத்ததும் இரண்டு பேருக்கும் சிரிப்புத்தான் வந்தது. பிழைத்த சிரிப்பு. படகுக்காரர் திட்டத் திட்ட அது கூடிக்கொண்டே போயிற்று.

"இனிமே டீக்கடை மூடியாச்சு" என்றாள் வாலு. பிறகு காலைத் தேய்த்துக்கொண்டாள். "கால் மரத்துப்போன மாதிரி இருக்கு அண்ணி."

"குளிர்ல அப்படித்தான் இருக்கும்."

"இல்ல, தொட்டா தெரியல. நீங்க தொட்டுப் பாருங்க."

அண்ணி தொட்டாள். கிள்ளினாள். வாலு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் படகுக்காரர் ஆக்ஸிஜன் பெட்டியைத் திறந்து, வாலுவின் முகத்தில் முகமூடியை வைத்து, கரைக்குத் தகவல் சொல்லிக்கொண்டிருந்தார். 

ஆஸ்பத்திரியில், குமிழைக் கரைப்பதற்கென்று இருந்த இரும்புப் பீப்பாய் மாதிரியான அழுத்த அறைக்குள் வாலுவைப் படுக்கவைத்துக் கதவைப் பூட்டினார்கள். அன்றைக்கும், அதற்குப் பிறகு பல நாளும். அண்ணியையும் சோதித்துப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை, வீட்டுக்குப் போகலாம் என்றார்கள்.

"ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே ஏறி வந்தோம்" என்று அண்ணி டாக்டரிடம் கேட்டாள்.

"உடம்புக்கு உடம்பு மாறும்மா. குமிழ் எங்க போய் அடைக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது. அவங்களுக்கு முதுகுத்தண்டுல போய் அடைச்சிருக்கு."

"சரியாயிடுமா?"

"பார்க்கலாம்" என்றார். இரண்டு மாதம் கழித்து அந்த வார்த்தையையும் அவர் சொல்வதை நிறுத்திவிட்டார்.

வாலுவின் கட்டில் மாடியறையிலிருந்து கூடத்துக்கு இறங்கியது. அண்ணி பல் ஆஸ்பத்திரியில் பாதி நாள் வேலையை வாங்கிக்கொண்டாள். புண் வராமல் புரட்டிப் போடுவது, மூத்திரக் குழாய் மாற்றுவது, கால்களை மடக்கி நீட்டுவது எல்லாம் அவளே செய்தாள். நர்ஸ் வைக்கலாம் என்று புருஷன் சொன்னபோது காதில் போட்டுக்கொள்ளவில்லை. வேனுக்கு வேறு டிரைவர் வந்தார். காலையில் அது தெருமுனையில் ஹாரன் அடிக்கும்போது வாலு டிவி சத்தத்தைக் கூட்டிவைப்பாள்.

அவள் ஒரு நாளும் அண்ணியைக் குற்றம் சொல்லவில்லை. புருஷனும், கீழே என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. யாராவது ஒருவர் வாய்விட்டுத் திட்டியிருந்தால் அண்ணி அதைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பாள். திட்ட ஆளில்லாமல் அது அவளுக்குள்ளேயே கிடந்தது.

ஒரு நாள் வாலு தானாகவே பேச்செடுத்தாள்.

"தண்ணிக்குள்ள காலுக்குப் பெரிசா வேலை இல்லைல்ல அண்ணி. கையாலயே தள்ளிக்கலாம்."

"டாக்டர் கூடாதுன்னுட்டாரே."

"ஆழத்துக்குத்தான் கூடாது. நம்ம பழைய பாறை கழுத்தளவு தண்ணியில இருந்துதானே தொடங்குது. அதைத்தான் நினைச்சுக்கிட்டு இருக்கேன். இங்க எது எப்படிப் போனாலும், அங்க நான் நல்லா இருப்பேன்னு."

டாக்டர் மறுபடியும் மறுத்தார். முக்குளிக்கச் சாமான் வாடகைக்குத் தரும் கடையில் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டார்கள். படகுக்காரர் மட்டும், தலையைச் சொறிந்துகொண்டு ரொம்ப நேரம் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். கரைக்குப் பக்கத்திலேயே, ஆழமே இல்லாத இடத்தில், கொஞ்ச நேரம்.

அன்றைக்குப் புருஷனும் வந்தான். தங்கையைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினான். முழங்கால், இடுப்பு, மார்பு. அவன் தாடை நடுங்கியதை அண்ணி பார்த்தாள். வாலுவும் பார்த்தாள்.

"நீ எனக்காக இவ்வளவு தூரம் வந்துட்டியா அண்ணா" என்றாள். குழாயை வாயில் வைத்துக்கொண்டு அவன் கையை விட்டாள்.

தண்ணீருக்கடியில் அவள் முகத்தில் பழைய வாலு வந்தது. கொஞ்ச நேரம்தான். இடுப்புக்குக் கீழே எதுவும் அவள் பேச்சைக் கேட்கவில்லை. மெலிந்துபோன கால்கள் தானாக மேலே மிதந்து, அவளைத் தலைகீழாகக் கவிழ்த்தன. அண்ணி பிடித்து நேராக்கினாள். வாலு மறுபடியும் கவிழ்ந்தாள். எடைக்காக அவள் இடுப்பில் கட்டியிருந்த ஈயத் துண்டுகளை அண்ணி இடம் மாற்றிக் கட்டிப் பார்த்தாள். அப்போது கால்கள் மண்ணில் இழுபட்டன, பாறையில் உரசித் தோல் கிழிந்தது. அது வாலுவுக்குத் தெரியவில்லை. லேசாகப் புகைபோலக் கிளம்பிய ரத்தத்தை அண்ணிதான் பார்த்தாள்.

பாறையும் செத்துக் கிடந்தது. கிளைகள் ஒடிந்து குவியலாக, மேலே பாசி. கோமாளி மீன்கள் குடியிருந்த கடல் சாமந்தி இருந்த பள்ளத்தை வாலு கையால் தள்ளித்தள்ளிப் போய்க் கண்டுபிடித்தாள். அதில் மணல்தான் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கட்டைவிரலை மேலே காட்டினாள். போகலாம் என்று அர்த்தம்.

பக்கத்தில் நின்ற படகில் ஏற்றித் துடைத்துவிடும்போது அவள் மெதுவாகச் சொன்னாள்: "வந்திருக்கவே கூடாது அண்ணி. வராம இருந்திருந்தா, இது ஒண்ணாவது மிச்சம் இருக்குன்னு நினைச்சுக்கிட்டே இருந்திருப்பேன்."

படகுக்காரர் இன்ஜினைக் கிளப்பினார். புருஷன் ஈரச் சட்டையோடு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான்.

 சில வாரம் கழித்து, வேறு ஊரில் இந்த மாதிரி ஆட்களுக்கென்று ஒரு விடுதி இருப்பதை வாலு தானே விசாரித்து, இடமும் பிடித்துவிட்டாள். அண்ணி பதறிப்போனாள்.

"உனக்கு இங்க என்ன குறை வச்சேன்?"

"ஒரு குறையும் வைக்கல. அதுதான். சோறு போடும்போதும் மன்னிப்பு கேக்குற மாதிரியே போடுறீங்க. தலை வாரும்போதும் அப்படித்தான். நான் எத்தனை தடவைதான் மனசுக்குள்ள பரவாயில்லைன்னு சொல்றது? சொல்லிச்சொல்லி எனக்கு அலுத்துப்போச்சு அண்ணி. உங்க முகத்தைப் பார்த்தாலே மூச்சு முட்டுது."

"நான் வேணும்னா..."

"நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். உங்க மேல கோபம் வரக்கூடாதுன்னுதான் போறேன். இங்கயே இருந்தா வந்துடும்."

ஆம்புலன்ஸ் மாதிரியான ஒரு வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போனது. கூடவே அண்ணன் போனான். அண்ணி வாசல்வரைக்கும் போய்விட்டு, கூடத்துக்கு வந்து கட்டிலில் இருந்த விரிப்புகளை உருவி ஊறவைத்தாள்.

இப்போது மறுபடியும் முழுநாள் வேலை. வாயை அகலத் திறங்க, தலையை இந்தப் பக்கம் திருப்புங்க என்று சொல்லிக்கொண்டே எச்சிலை உறிஞ்சி எடுக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் புருஷன் ரயிலேறித் தங்கையைப் பார்க்கப் போகிறான். அண்ணி சமைத்துக் கட்டிக் கொடுப்பாள். நீயும் வா என்று ஆரம்பத்தில் இரண்டொரு தடவை கூப்பிட்டான், பிறகு விட்டுவிட்டான்.

போன வாரம் அவன் திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போது அண்ணி கேட்டாள்.

"எப்படி இருக்கா?"

"அப்படியேதான் இருக்கா."

"என்னைக் கேட்டாளா?"

அவன் குனிந்து, ஏற்கெனவே கழற்றி வைத்த செருப்பை எடுத்துச் சுவரோரமாக இன்னொரு தடவை ஒழுங்காக வைத்தான்.

"கேட்டா" என்றான்.

அவனுக்குப் பொய் சரியாகச் சொல்ல வராது. அண்ணி காலி டப்பாக்களை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.