அனுசுயாவின் வலது கை

எனக்கு மூக்கு நுனியில் கோபம். என் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே அது தெரியும். "ஆஃப்ரின் மிஸ்ஸுக்கு மூக்கு சிவந்திருச்சு" என்று கிசுகிசுத்துக்கொள்வார்கள்.

பிள்ளைகளுக்குச் செடிகொடி மேல் பாசம் வரட்டும் என்று பழைய பெயின்ட் வாளியில் ஓர் அவரைச் செடி வைத்திருந்தேன். தினமும் ஒருவர் தண்ணீர் ஊற்ற வேண்டும். குடிக்கிற தண்ணீரைத் தொடக்கூடாது, வெளிக்குழாயில்தான் பிடிக்க வேண்டும் என்பது என் சட்டம். திருப்பூரில் எல்லா வீட்டிலும் அதுதானே வழக்கம்? குடிக்க நல்ல தண்ணி, மற்றதற்கெல்லாம் போர்வெல் தண்ணி.

செடியின் இலைகள் ஓரத்தில் கருகிக்கொண்டே வந்தன. அனுசுயாவின் முறை வந்து அவள் தண்ணீர் ஊற்றிய அன்று செடி மொத்தமாகச் சாய்ந்துவிட்டது.

"அவ கைக்கு ராசி இல்லீங்க மிஸ்" என்று தீர்ப்புச் சொன்னான் முதஸ்ஸிர். "என் கை ராசிங்க. எங்கம்மா என்னையத்தான் வெத போடச் சொல்லுவாங்க."

ஆறு வயதில் பேச்சைப் பாருங்கள்! அதட்டி உட்கார வைத்தேன். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. அனுசுயாவின் அம்மா ராக்கம்மாள், கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மறுநாள் காலை வந்து நின்றார். விருதுநகர்ப் பக்கமிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்த குடும்பம்.

"பள்ளிக்கூடத்துக்கு வரமாட்டேன்னு ஒரே அழுகை டீச்சர். கையால தொட்டா செத்துரும்ங்கா. தம்பியத் தூக்க மாட்டேங்கா."

அனுசுயா வலது கையைச் சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொண்டு நின்றாள்.

"ராசியாவது மண்ணாங்கட்டியாவது!" என்று வகுப்பில் கத்தினேன்.

"அப்ப ஏனுங் மிஸ் செடி செத்துச்சு?" என்றான் முதஸ்ஸிர்.

அதானே, ஏன்? வெயிலா, பூச்சியா? கோபம் எங்கேயோ போய்விட்டது. அந்தக் கேள்வி மண்டையைக் குடைய ஆரம்பித்தது.

"எனக்கும் தெரியலடா. கண்டுபிடிச்சிரலாம்" என்றேன்.

முதஸ்ஸிருக்கு ஒரு பேப்பர் கப், அனுசுயாவுக்கு ஒன்று. ஒரே மண், ஒரே அவரை விதை, ஒரே ஜன்னல். அனுசுயா கையை வெளியே எடுக்கவே மாட்டேன் என்றாள். "எனக்காக ஊத்து கண்ணு, வலது கையாலதான்" என்று கெஞ்சினேன். அழுதுகொண்டே ஊற்றினாள்.

தினமும் காலையில் பிள்ளைகள் பையைக்கூட இறக்காமல் ஜன்னலுக்கு ஓடினார்கள். நானும்தான். இரண்டும் முளைத்தன. முதஸ்ஸிருடைய முளை மட்டும் கருகிச் சுருண்டது. அனுசுயாவுடையது இரண்டு இலை விட்டு நிமிர்ந்து நின்றது.

முதஸ்ஸிரின் உதடு பிதுங்கியது. "அப்ப என் கைக்குத்தான் ராசி இல்லீங்களா?"

அனுசுயா அவன் கப்பை எட்டிப் பார்த்தாள். "நீ எங்க தண்ணி புடிச்ச?"

"வெளிக்கொழாய்ல."

"ராசி இல்லன்னு என்னையத்தான் இவங்க யாரும் கொழாய்கிட்டயே விட மாட்டாங்கல்லா. நான் என் பாட்டில்ல உள்ளத ஊத்துனேன்."

அடக் கடவுளே! எல்லோரையும் குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு ஓடினேன். ஆளுக்கு ஒரு சொட்டு, விரலில் தொட்டு நாக்கில்.

"உவ்வே! உப்பு!"

நாம் வாயில் வைக்காத தண்ணீரைச் செடிக்கு வாளி வாளியாக ஊற்றியிருக்கிறோம். சட்டம் போட்ட மகராசி நான். என் புத்தியை என்ன சொல்ல?

"தண்ணியில யாருங் மிஸ் உப்புப் போட்டாங்க?" என்றான் முதஸ்ஸிர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"அருமையான கேள்வி. துணிக்குச் சாயம் ஏத்த மூட்டை மூட்டையா உப்பு எறக்குறாங்களே, நாளைக்கு அந்தச் சாயப்பட்டறைப் பக்கம் நடந்து போய் விசாரிக்கலாம்" என்றேன்.

சாயங்காலம் வாளியில் புது மண் போட்டு, அனுசுயாவின் செடியை நட்டோம். வழக்கமாக மணி அடித்ததும் பாட்டிலில் மிச்சமிருக்கும் தண்ணீரை வாசலில் கொட்டிவிட்டு ஓடுகிற கூட்டம், அன்று வாளி முன்னால் வரிசையில் நின்றது. "நீ மொதல்ல ஊத்து" என்று முதஸ்ஸிர் அனுசுயாவுக்கு வழி விட்டான். ஊற்றினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எங் கை இல்லியா டீச்சர்? தண்ணிதானா?"

"தண்ணிதான்டி கண்ணு. சத்தியமா தண்ணிதான்."

கேட்டருகே ராக்கம்மாள் குழந்தையோடு நின்றிருந்தார். அனுசுயா ஓடிப்போய் கையைச் சட்டையில் நன்றாகத் துடைத்தாள். ஒரே ஒரு விரலால் தம்பியின் கன்னத்தைத் தொட்டுவிட்டு, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் சிரித்தான். இரண்டு கைகளையும் நீட்டி அவனை வாங்கிக்கொண்டாள்.