முத்திரைக்கு முன்னால் ஒரு கேள்வி

அலுவலகத்தில் அவளுக்குச் சல்லடை என்று பெயர். எதைக் கொடுத்தாலும் சலித்துப் பார்க்காமல் மேலே அனுப்ப மாட்டாள் என்று யாரோ கேலியாக வைத்தது, நிலைத்துவிட்டது. அவள் செய்த வேலைக்கும் அந்தப் பெயர் பொருந்தத்தான் செய்தது. அரசு ஒரு கருவியை வாங்க டெண்டர் விடும்போது இன்ன கம்பெனியின் கருவி வேண்டும் என்று கேட்கக் கூடாது. இன்ன தொழில்நுட்பத் தரநிலைப்படி இருக்க வேண்டும் என்றுதான் கேட்கலாம். அந்தத் தரநிலையை முறையான தரநிர்ணய அமைப்பு வகுத்திருந்தால் கேள்வியில்லை. கம்பெனிகள் கூடி வகுத்தது என்றால், முதலில் ஒரு குழு அதை அங்கீகரிக்க வேண்டும். குழுவுக்கு முன்பாக அதைச் சோதித்துச் சொல்வது சல்லடையின் பொறுப்பு.

இந்த முறை வந்தது ஆம்புலன்ஸ் கருவிகளுக்கான தரநிலை. வண்டியில் நாடித்துடிப்பைக் காட்டும் கருவி பேசுவது ஆஸ்பத்திரிக் கருவிக்குப் புரியாது. இரண்டுக்கும் பொதுவான ஒரு மொழியைச் சில பெரிய கம்பெனிகள் ஒரு மன்றமாகக் கூடி வகுத்திருந்தன. நல்ல தரநிலை, எல்லாச் சோதனையிலும் தேறியிருந்தது.

அவளுடைய தம்பி ஆம்புலன்ஸில் நர்ஸ். ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். அவனுக்குப் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது.

"போன வாரம் ஒரு பெரியவரைக் கொண்டு போனோம்க்கா. வழியெல்லாம் துடிப்பு தாறுமாறு. ஆஸ்பத்திரில இறக்கி அவங்க மெஷின்ல மாட்டினதும் ஒழுங்காக் காட்டுது. நான் வாயால சொன்னா டாக்டர் நம்பணுமே?"

"இப்ப எப்படி இருக்காரு?"

"இருக்காரு. இடது கை வரலை. நீ எப்ப முத்திரை குத்தப் போறே?"

"நாளைக்குக் குழு கூடுது. முடிஞ்சிரும்டா" என்றாள். அப்போது அது உண்மையாகவே இருந்தது.

அன்று மாலை, கடைசி வேலையாக, மன்றத்தில் இல்லாத ஒரு சின்ன கம்பெனிக்குப் போன் செய்தாள். முதலாளியம்மாவே எடுத்தார்.

"சேர எத்தனையோ தடவை கேட்டுட்டோம் மேடம். இடம் நிரம்பிருச்சுன்னே சொல்றாங்க. தரநிலைல எதை மாத்தறாங்கன்னு அவங்க வெளியிட்ட அப்புறம்தான் எங்களுக்குத் தெரியும். அதுக்குள்ள அவங்க புதுக் கருவி சந்தைக்கு வந்திரும்."

"எழுத்துல குடுப்பீங்களா?"

"ஐயோ, வேணாம். பாகமெல்லாம் அவங்ககிட்டதான் வாங்கறோம்."

அதன்பிறகு அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அங்கீகார விதியில் ஒரு வரி இருந்தது: தரநிலையை வகுக்கும் வேலையில் விருப்பமுள்ள எவரும் சேர முடிய வேண்டும். சேரலாம் என்று மன்றம் தன் விண்ணப்பத்தில் சொல்லியிருந்தது. யாரும் துருவிக் கேட்கப் போவதில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், தம்பிக்குக் கருவி கிடைத்துவிடும்.

மறுநாள் கூட்டத்தில் தலைவர் சிரித்துக்கொண்டே, "சல்லடையே சலிச்சாச்சு, அப்புறம் நமக்கென்ன?" என்றார். அவள் கோப்பைத் திறந்து அந்த வரியில் விரலை வைத்தாள்.

"சார், ஒரு வரிக்கு மட்டும் என்னால ஆம்னு சொல்ல முடியலை" என்று தொடங்கி, ஆளைக் காட்டாமல் விஷயத்தைச் சொன்னாள்.

"எழுத்துல வந்திருக்கா?"

"இல்லை சார்."

"அப்ப காத்துவாக்குல வந்த சேதி."

ஆஸ்பத்திரிகளின் சார்பில் வந்திருந்த டாக்டருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "வெண்ணெய் திரளும்போது தாழியை உடைக்கிறீங்களேம்மா!"

"இன்னிக்கு நாம முத்திரை குத்தினா, நாளைக்கு எல்லா அரசு ஆஸ்பத்திரியும் இந்த ஒரு வாசல் வழியாத்தான் வாங்கணும். சாவி நாலு கம்பெனி கையில. அவங்களையே நேர்ல கூப்பிட்டுக் கேட்போம் சார்."

தலைவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். முடிவு தள்ளிப்போடப்பட்டது.

வீட்டில் தம்பி கத்தவில்லை. "உன் மனசு சுத்தமா இருந்தாப் போதும், இல்ல? ரோட்டுல கிடக்கிறவன் எப்படிப் போனா உனக்கென்ன" என்றான். அதோடு அவளிடம் பேச்சை நிறுத்திவிட்டான்.

மன்றத்துச் செயலாளர் வந்தார். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவதுபோலப் பேசினார். விண்ணப்பத்தையே திரும்பப் பெற்றுக்கொள்வோம் என்றும் சொல்லிப் பார்த்தார். அவள் அசையவில்லை. ஆனால் அவர் போன பிறகு அறைக்குள்ளேயே குறுக்கும் நெடுக்குமாக நடந்தாள். தெருவில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் போட்டது போட்டபடி ஜன்னலுக்கு ஓடினாள். உள்ளே இருப்பவர் யாரோ, எந்த மெஷின் எதைக் காட்டுகிறதோ. மாதங்கள் இப்படியே போயின.

அரசு வாங்காவிட்டால் வியாபாரமே இல்லை என்பது மன்றத்துக்கும் தெரியும். கடைசியில் இறங்கி வந்தார்கள். யார் வேண்டுமானாலும் சேரலாம், மாற்றங்களை முன்கூட்டியே எல்லாருக்கும் அறிவிப்போம் என்று தங்கள் விதியைத் திருத்தினார்கள். அந்த முதலாளியம்மாவும் சேர்ந்தார். புதிதாகச் சேர்ந்தவர்கள் தரநிலையைப் புரட்டிப் போட்டுவிடவில்லை. இரண்டு இடத்தில் சொல்லைத் திருத்தினார்கள், அவ்வளவுதான். குழு மறுபடி கூடி அங்கீகாரம் கொடுத்தது. டாக்டர் அவள் பக்கம் திரும்பாமலே எழுந்து போனார்.

இரண்டு சொல்லுக்காகவா இத்தனை மாதம் என்று அவளே தன்னைக் கேட்டுக்கொண்டாள். வீட்டுக்குப் போனதும் தம்பியிடம், "முடிஞ்சிருச்சுடா" என்றாள்.

"கேள்விப்பட்டேன்." வெகுநாளைக்குப் பிறகு அவன் சொன்ன முதல் வார்த்தை அது.

"நான் பண்ணது தப்பா?"

அவன் தட்டில் சோற்றை அளைந்துகொண்டே இருந்தான். "நடுவுல கொண்டு போனவங்க முகமெல்லாம் ஞாபகம் இருக்குக்கா. கருவி இருந்திருந்தா யாரு பிழைச்சிருப்பாங்கன்னு எனக்கும் தெரியாது. நானா இருந்தா அன்னிக்கே குத்தியிருப்பேன். அது சரின்னும் சொல்ல மாட்டேன்." பிறகு, "நீ சாப்பிடு, ஆறிப்போகுது" என்றான்.

மறுநாள் தெருவிளக்குகளுக்கான தரநிலை ஒன்று அவளிடம் வந்தது. அவள் அதைப் பிரிக்கக்கூட இல்லை. அதை வகுத்த கூட்டமைப்புக்குப் போன் போட்டு, "உங்ககிட்ட சேரணும்னு கேட்டு, நீங்க திருப்பி அனுப்பினவங்க யாரு யாரு?" என்று கேட்டாள்.