பூரணியின் வலது கன்னம்

ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில் ஷாமிலாவின் சலூன். பூரணி அங்கே தலை கழுவிவிடும் வேலைக்கு வந்திருந்தாள். அக்கரப்பத்தனைத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்துக் கூடையிலிருந்து தப்பித்ததே அவளுக்குப் பெரிய விஷயம். ஷாமிலா என்ன சொன்னாலும் தலையாட்டுவாள்.

ஷாமிலா சொந்தமாக ஒரு முகக் கிரீம் விற்கப் போகிறாள். அதைக் கலந்து கொடுக்க இரசாயனம் படித்த பிரதாப் வந்துபோனான். கிரீமுக்கு வெண்மையும் பளபளப்பும் கொடுப்பது வெள்ளீய ஆக்சைடுத் தூள். அது இரண்டு வகையாக மேசைமேல் இருந்தது. ஒன்று, முகப்பூச்சுக்கென்றே சுத்தம் செய்த தூள், சின்னப் போத்தலில். மற்றது பீங்கான் கோப்பைக்குப் பூசுவது, விலை மலிவு, ஒரு பை நிறைய.

"இது வேணாம் மிஸ். உள்ளுக்கு வேற என்னென்ன கலந்திருக்குன்னு தெரியாது" என்றான் பிரதாப், பையைக் காட்டி.

"அதத்தானே பாக்கப் போறோம். பூரணி, இங்க வா புள்ள."

இடது கன்னத்துக்குப் போத்தல் தூள் கலந்த கிரீம். வலது கன்னத்துக்குப் பைத்தூள். வெளுத்துவிடலாம் என்ற ஆசையில் பூரணி கண்ணை மூடிக்கொண்டு முகத்தைக் கொடுத்தாள்.

மறுநாளே வலது பக்கம் எரிந்தது.

"எரியுதுங்க மிஸ்."

"எரிஞ்சா வேலை செய்யுதுன்னு அர்த்தம். கழுவிறாத."

அந்த வார முடிவில் இடது கன்னம் பால்போல மினுங்கியது. வலது கன்னம் கொப்பளித்து, உடைந்து, நீர் வடிந்தது. பிரதாப் அதைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அது பூரணிக்கு எரிச்சலைவிட வலித்தது.

ஷாமிலா அவளை வெளிச்சத்தில் உட்காரவைத்து, இடது பக்கம் மட்டும் தெரியப் படம் பிடித்தாள்.

"மத்தப் பக்கம் மிஸ்?"

"அது படத்துல விழாது. நீ வீட்டுக்குப் போய்க்க. இந்த மொகத்தோட நின்னா கஸ்டமர் வர மாட்டாங்க."

புண் ஆறியது. ஆனால் கன்னம் கறுத்துச் சுருங்கிப்போனது. பூரணி மறுபடி கொழுந்து பறிக்க மலைக்குப் போனாள், துண்டால் முகத்தைச் சுற்றிக்கொண்டு.

தைப்பொங்கலுக்கு முன்னால் லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் வேலாயி ஒரு டப்பாவோடு ஓடி வந்தாள். மூடியில் பூரணியின் பாதி முகம் சிரித்தது.

"டவுனெல்லாம் ஒன் படந்தாண்டி! நானும் வாங்கிட்டேன்."

பூரணி ஒரு விரலால் கிரீமைத் தொட்டு முகர்ந்தாள். பைத்தூளைப் பூசியபோது வந்த அதே மண் வாடை. துண்டை அவிழ்த்து வலது கன்னத்தைக் காட்டினாள்.

"அக்கா, போடாதீங்க. இது பண்ண வேலைதான் இது."

வேலாயி இரண்டு கன்னத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"அப்ப இந்தக் கன்னம் எப்புடி வெளுத்துச்சு? நீ மட்டும் வெள்ளையா இருக்கணும்னு பாக்குறியா?"

சொல்லிப் பயனில்லை என்று தெரிந்ததும் பூரணி டப்பாவைப் பறித்து வாசலோரச் சாக்கடைக் கானில் கொட்டினாள். வேலாயி விட்ட அறை சரியாகப் புண் ஆறிய இடத்தில் விழுந்தது. லயத்து ஆட்கள் வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தார்கள்.

"பொறாம புடிச்சவ!" என்று கத்திக்கொண்டே வேலாயி கானருகே குந்தி, வெள்ளையாகத் தேங்கிக் கிடந்ததை விரலால் வழித்துத் தன் இரண்டு கன்னத்திலும் பூசினாள்.